எழுபத்து நாலாம் பக்கம்

எனக்கு வாய் அதிகம் என்று பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாயை வைத்தே ஒரு வேலை கிடைக்கும் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. சிங்கப்பூரில் ரேஸ்கோர்ஸ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கார் பட்டறையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். நடுவழியில் நின்றுபோகும் கார்களுக்கு ஆள் அனுப்பிச் சரிசெய்வதுதான் எங்கள் தொழில். ஆறு வேன்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மெக்கானிக், ஒரு பெட்டி நிறைய ஸ்பானர், ஒரு பேட்டரி, இழுத்துக்கொண்டு வரக் கயிறு. கார்க்காரர் ஏதாவது காப்பிக்கடை ஃபோனிலிருந்து எங்களைக் கூப்பிடுவார். நாங்கள் வேனைப் பிடிக்க வேண்டும். வேன்காரரோ ஒரு வேலை முடிந்ததும் எங்கிருந்தாவது ஃபோன் செய்தால்தான் அடுத்த வேலையைச் சொல்ல முடியும். அதற்குள் கார்க்காரர் இருந்த இடத்திலேயே வெந்துபோய்விடுவார்.

முதலாளி ஒருநாள் திடீரென்று எல்லா வேனிலும் பேசவும் கேட்கவும் ரேடியோ பொருத்திவிட்டார். மாடியறையில் மைக்கும் பெட்டியும் வந்து உட்கார்ந்தன. முதலில் அதன்முன் உட்கார்ந்தது தலைமை மெக்கானிக். அவர் மைக்கை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கத்தியிருந்தாலே ஜூரோங் வரை கேட்டிருக்கும். இரண்டாம் வாரம் தலைவலி என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

"நீ சும்மாவே பேசிக்கிட்டுத்தானே இருக்கே? இங்க வந்து பேசு," என்றார் முதலாளி என்னிடம். "ஆறு மாசம் பாப்போம். சரிப்படலேன்னா டைப்ரைட்டருக்கே போயிடு."

டைப்ரைட்டருக்குத் திரும்பிப் போவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அந்த நாற்காலி எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. ஜன்னலுக்கு வெளியே தேக்கா சந்தையின் இரைச்சல், தலைக்கு மேலே ஃபேன், சுவரில் நானே ஒட்டிய சிங்கப்பூர் வரைபடம். ஆறு நிறத்தில் ஆறு குண்டூசி. பச்சை காத்தோங்கில் நிற்கிறது, சிவப்பு தோ பாயோவில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு அப்படியொரு திருப்தி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாடல் குழுவில் நின்று பாடும்போதுகூட அவ்வளவு திருப்தி வந்ததில்லை. இதைச் சாமியாரிடம் நான் சொல்லவில்லை.

ரேடியோவில் ஒரே ஒரு லைன். ஒருவர் பேசினால் மற்ற ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் நான் வழி சொன்ன அழகு இருக்கிறதே! "தேக்காவுலேருந்து நேராப் போங்க அண்ணே, மாதா கோயில் தாண்டி, பழைய டோபி கடை இருந்துச்சே, அந்த எடத்துல லெஃப்டு..." நான் டோபி கடைக்கு வருவதற்குள் ஜூரோங்கில் ஒருவர் பொறுமையிழந்து பட்டனை அழுத்தியும் விடுவித்தும் கொர் கொர் என்று சத்தம் எழுப்புவார். ஊர்ப்பெயரைச் சொன்னாலும் தொல்லைதான். நம்மவர்கள் எல்லாவற்றையும் கட்டைக்கணக்கில், அதாவது மைல்கல் கணக்கில் சொல்வார்கள். "ஏழாங்கட்டையில நிக்கிறேன்மா" என்பார் கார்க்காரர். புக்கிட் தீமாவிலும் ஏழாங்கட்டை உண்டு, சாங்கியிலும் ஏழாங்கட்டை உண்டு. எந்த ஏழு என்று கேட்பதற்குள் அவர் போட்ட பத்து காசு தீர்ந்து ஃபோன் செத்துப்போகும்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எல்லா வேனிலும் ஒரே தெருப்புத்தகம் இருந்தது. டைரக்டரி என்போம். சிங்கப்பூர் முழுவதையும் துண்டு துண்டாக வெட்டி, பக்கத்துக்கு ஒரு துண்டாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்கள். மேலே எழுத்து, பக்கவாட்டில் எண். முழு ஊரும் அவர்கள் மடியிலேயே இருக்கும்போது நான் எதற்கு அதைக் காற்றில் ஒப்பிக்க வேண்டும்? "வேன் நாலு. பக்கம் முப்பத்தொண்ணு, பி ரெண்டு. வெள்ளைக் கார்." அவ்வளவுதான். பத்து விநாடியில் முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் காலத்துச் சிங்கப்பூர் புத்தகத்துக்கு அடங்குகிற ஊரா? காலையில் இருந்த சாலை மாலையில் இருக்காது. இங்கே ஒருவழி, அங்கே புதுப்பாலம், நேற்றுவரை கம்பத்துக் குடிசைகள் இருந்த இடத்தில் இன்று மண்மேடு. இதையெல்லாம் முதலில் பார்ப்பது வேன்காரர்கள்தான். ஆகவே அவர்கள் பார்த்ததை எனக்குச் சொல்ல வேண்டும், நான் அதற்கு ஓர் எண் போட்டு எழுதிக்கொள்வேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு, முந்தின நாள் மாறியதை மட்டும் எல்லோருக்கும் வாசிப்பேன். "மாத்தம் நாப்பத்தொண்ணு. பக்கம் பன்னெண்டு, டி மூணு. பாலம் மூடியாச்சு." அவர்கள் தத்தம் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, வரிசையாக "எழுதிக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். வேன் ஐந்தில் இருந்த மலாய்க்காரர் மட்டும் "சுடா துலிஸ்" என்பார். அதற்கும் எழுதியாகிவிட்டது என்றுதான் பொருள். யாராவது லீவில் போய்விட்டு வந்தால், "முப்பத்தெட்டு வரைக்கும் என்கிட்ட இருக்கு" என்பார். நான் முப்பத்தொன்பதிலிருந்து அவருக்கு மட்டும் வாசிப்பேன். ஜூரோங்குக்கே போகாதவருக்கு ஜூரோங் மாற்றம் எதற்கு என்று அப்போது அதை மட்டும் விட்டுவிடுவேன்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை பறந்தது. கார்க்காரர்கள் மறுபடி கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனதும் உண்மை. ரேடியோவில் யாராவது ஒரு வார்த்தை கூடப் பேசினால், "கதையெல்லாம் வீட்டுல போய்ப் பேசுங்க, கட்டம் மட்டும் சொல்லுங்க," என்பேன். ஊர்ப்பெயரையே சொல்லக் கூடாது என்று விதி போட்டேன். கட்டம் இருக்கும்போது பெயர் எதற்கு?

அக்டோபர் வாக்கில் புதுப்பதிப்பு டைரக்டரி வந்தது. ஆறு வேனுக்கு ஆறு, எனக்கு ஒன்று. பழைய மாற்றங்களில் பெரும்பாலானவை அதில் அச்சாகியே வந்துவிட்டதால், எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்றேன். வந்த கையோடு ஏழுக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டேன். பள்ளிக்கூடப் பழக்கம், விட முடியவில்லை. என் மேசையில் இருந்த பழைய பதிப்புக்கும் அதே சுருளிலிருந்துதான் போன வருடம் அட்டை போட்டிருந்தேன்.

மறுநாள் பட்டறையில் ஆயுத பூசை. ஸ்பானர், ஜாக்கி, டயர், எல்லாவற்றுக்கும் பொட்டு. "புத்தகத்தையும் கொண்டாந்து வை, அதுவும் ஆயுதம்தானே?" என்றார் முதலாளி. நான் கிறிஸ்துவச்சியாக இருந்தாலும் சந்தனம் குழைப்பது, பொட்டு வைப்பது எல்லாம் என் வேலைதான். கை சுத்தமாக வரும் என்று என்னிடமே கொடுப்பார்கள். வேன்களில் இருந்த பழைய ஆறும் பென்சில் கிறுக்கலும் கிரீஸுமாக நைந்துபோயிருந்ததால் அவற்றைப் பழைய பேப்பர் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டாயிற்று. பூசைக்கு வைத்தது சுத்தமாக இருந்த எட்டு: புதியது ஏழு, என் மேசைப் பழையது ஒன்று. மாற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதியதால் என் புத்தகத்தில் நான் ஒரு கோடுகூடக் கிழித்ததில்லை. எட்டுக்கும் ஒரே பழுப்பு அட்டை, ஒரே அளவில் சந்தனம், நடுவில் குங்குமம். பார்க்க எட்டுப் பிள்ளை பிரசவித்த மாதிரி இருந்தது. பூசையில் வைத்த புத்தகத்தை அன்று யாரும் தொடக் கூடாது. மறுநாள் காலை மேலிருந்து ஆறை எடுத்து வேன்காரர்களிடம் கொடுத்தேன். மீதி இரண்டில் ஒன்றை மேசையில் வைத்தேன், பழையது என்று நினைத்து இன்னொன்றை டிராயரில் போட்டேன்.

மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது.

வடகிழக்குப் பக்கம் வேன் ஐந்துதான் போகும். அன்று அதன் கியர்பாக்ஸ் கழற்றிக் கிடந்தது. பொங்கோல் கடலோரத்தில் நண்டு சாப்பிடப் போன ஒருவரின் கார் திரும்பி வரும்போது நின்றுவிட்டது. பின் சீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். சாதாரண ஆள் இல்லை. அவருடைய கம்பெனிக் கார்களையெல்லாம் எங்களிடம் விடுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தேக்கா பக்கமே சுற்றிக்கொண்டிருந்த வேன் மூன்றை அனுப்பினேன்.

"வேன் மூணு. பக்கம் எழுவத்தி நாலு, சி அஞ்சு. நீலக் கார்."

வேன் மூன்றில் இருந்தவர் முப்பது வயதுக்காரர். அதிகம் பேச மாட்டார். மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்கு முந்தின மாதம் வேலை நேரத்தில் தெம்பனிஸ் பக்கத்தில் இருந்த தன் அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. "எழுவத்தி நாலு, சி அஞ்சுலதான் இருக்கேன் தங்கச்சி. காரக் காணோம். கோழிப் பண்ணைதான் இருக்கு."

பொங்கோலிலும் கோழிப் பண்ணைக்குக் குறைவில்லை. "நல்லாப் பாருங்க அண்ணே," என்றேன்.

"பாத்துட்டேன் லா. எந்த ரோடுன்னு பேரு சொல்லு, போயிடறேன்."

"பேரெல்லாம் வேணாம். புத்தகத்தப் பாருங்க."

இரண்டு பேர் லைனுக்குக் காத்திருந்தார்கள். ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. கார்க்காரர் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுக் கத்தினார். வேன் மூன்று மறுபடி வந்தது. "இல்ல தங்கச்சி, இங்க நெசமாவே..."

"கோழிப் பண்ணையில உங்களுக்கு என்ன அண்ணே வேலை? முட்டை எண்ணுறீங்களா? லைன விடுங்க," என்றேன்.

மற்ற வேன்காரர்கள் பட்டனை அழுத்திச் சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது. என் வாய்க்கொழுப்பை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

கடைசியில் வேன் இரண்டை அனுப்பினேன். அவர் அதே கட்டத்தை வைத்துக்கொண்டு போய் உடனே காரைக் கண்டுபிடித்துவிட்டார். குழந்தைகள் வெயிலில் வதங்கியிருந்தார்களாம். குறிப்பேட்டில், "வேன் 3 சொன்ன இடத்தில் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் முதலாளி வேன் மூன்றுக்காரரை மாடிக்குக் கூப்பிட்டார். "எங்கடா போயிருந்தே?"

"தெம்பனிஸ் ரோட்டுப் பக்கம், முதலாளி. புத்தகத்துல அப்படித்தான் இருந்துச்சு."

"தெம்பனிஸா? உங்க அக்கா வீடு அங்கதானே?"

நான் சும்மா இருந்திருக்கலாம். என் மேசைப் புத்தகத்தை விரித்து எழுபத்து நாலாம் பக்கத்தைக் காட்டினேன். சி ஐந்தில் பொங்கோல் கடலோரம் பளிச்சென்று இருந்தது. வேன் மூன்றுக்காரர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நான்தான் தப்பாப் பாத்துட்டேன் போல," என்றார் மெதுவாக. "ஆனா நான் அக்கா வீட்டுக்குப் போகல, முதலாளி."

"திங்கக்கிழமை வந்ததும் சாவியக் குடுத்துட்டுப் போ," என்றார் முதலாளி.

அவர் படியிறங்கிப் போன விதம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் கோபப்படுவான், இல்லையென்றால் கெஞ்சுவான். இவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு போனார். மறுநாள் ஞாயிறு, மாதா கோயில் பூசையில் என் மனம் பாட்டில் நிற்கவில்லை. முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு நடந்தேன். உண்மையைச் சொன்னால், அவர்மேல் தப்பு என்று இன்னொரு முறை பார்த்து நிம்மதியடையத்தான் போனேன். பழைய பதிப்பில் அந்தக் கட்டம் எப்படி இருந்தது என்று பார்க்கலாமே என்று டிராயர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். எழுபத்து நாலு, சி ஐந்து. பொங்கோல். மேசைப் புத்தகத்திலும் பொங்கோல். முதல் பக்கத்தைப் புரட்டினேன். இரண்டுமே புதுப்பதிப்பு.

அப்படியானால் பழையது எங்கே?

கீழே ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன்கள் எல்லாம் பட்டறையில்தான் நிற்கும். வேன் மூன்றின் சீட்டில் பழுப்பு அட்டையும் என் சந்தனப் பொட்டுமாக அந்தப் புத்தகம் கிடந்தது. பிரித்தேன். பழைய பதிப்பு. புதுப்பதிப்பில் புதுக் குடியிருப்புப் பேட்டைகளுக்காக நடுவில் இரண்டு பக்கம் கூடியிருந்தன. அறுபதாம் பக்கம் வரை இரண்டும் ஒன்று. அதற்குமேல் எல்லாம் தள்ளிப்போயிருந்தது. தேக்காவைச் சுற்றுகிறவருக்கு அறுபதைத் தாண்ட வேண்டிய அவசியமே வரவில்லை. பழைய எழுபத்து நாலில் சி ஐந்து எது என்று பார்த்தேன். தெம்பனிஸ் சாலையிலிருந்து பிரியும் மண்பாதை. அவர் சொன்ன இடத்தில்தான் நின்றிருந்தார். நான் அனுப்பிய மாற்றங்கள் பதினெட்டையும் ஒன்றுவிடாமல் அழகாக எழுதி வைத்திருந்தார். எழுதியதெல்லாம் சரி, எதன்மேல் எழுதுகிறார் என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்கவில்லை. "பொங்கோல்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தையைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

தலையில் அடித்துக்கொண்டேன். கூடவே ஒரு கெட்ட யோசனையும் வந்தது. சந்தில் யாரும் இல்லை. டிராயரில் இருப்பதில் அந்தப் பதினெட்டையும் எழுதி, இரண்டு புத்தகத்தையும் மாற்றி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆறு மாதத்தில் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இது வெளியே தெரிந்தால் நான் மறுபடி டைப்ரைட்டர்தான். சீட்டில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா ஏன் லேட் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை காலை வேன்காரர்கள் வண்டி எடுக்க வந்தார்கள். வேன் மூன்றுக்காரர் மட்டும் எங்கும் போகாமல், சாவி கொடுப்பதற்காக முதலாளியை எதிர்பார்த்துச் சந்திலேயே வேனில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலிலிருந்து அவர் தலை தெரிந்தது. இறங்கிப் போய் அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கேலி செய்தது மற்ற நாலு வேன்காரர் காதிலும் விழுந்திருந்தது. எட்டு மணிக்கு மைக்கை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளி படியேறி வந்து எனக்குப் பின்னால் நின்றார். ஆனாலும் பட்டனை அழுத்தினேன்.

"மாத்தம் பத்தொம்பது. பக்கம் எழுவத்தி நாலு, சி அஞ்சு. சனிக்கிழமை வேன் மூணு சரியான எடத்துலதான் நின்னாரு. அவர்கிட்ட இருக்கறது பழைய புத்தகம். பூசை முடிஞ்சு மாத்திக் குடுத்தது நான். பேரு சொல்லுங்கன்னு கேட்டாரு, சொல்லாதது நான். சிரிச்சதும் நான். தப்பு முழுக்க என்னோடது. எல்லாரும் எழுதிக்குங்க."

முதலில் வேன் ஒன்று, "எழுதிக்கிட்டேன்" என்றார். வேன் இரண்டு சொன்னார். வேன் நாலு தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொன்னார். அன்றுதான் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த வேன் ஐந்திலிருந்து "சுடா துலிஸ்" வந்தது. வேன் ஆறும் சொன்னார். வேன் மூன்றிலிருந்து சத்தமே இல்லை. ஜன்னலில் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது.

முதலாளி என் குறிப்பேட்டை இழுத்து, சனிக்கிழமை நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"சாவி அவன்கிட்டயே இருக்கட்டும்," என்றார். "நீ இனிமே ஊர்ப் பேரயும் சேத்துச் சொல்லு. அட்டை போடற வேலைய விடு."

என் நாற்காலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருடம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஃபோன் அடித்தது. காத்தோங்கில் ஒரு கார். எடுத்துக் குறித்துக்கொண்டிருக்கும்போது ரேடியோ கரகரத்தது.

"வேன் மூணு," என்றார் அவர். "பத்தொம்பது எழுதிக்கல, தங்கச்சி. புத்தகத்துல எடமில்ல லா."

குறிப்பெழுதவென்று அந்தப் புத்தகத்தின் பின்னால் ஆறு வெள்ளைப் பக்கங்கள் உண்டு. அதில் ஐந்து பக்கம் காலியாகவே இருந்ததை முந்தின நாள்தான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.